செர்ரிப் பெட்டிக்கு என்ன பூசுவது

மரப்பட்டறை நடத்தும் கோகிலமணியிடம் அவருடைய சீடர் சென்னியப்பன் கேட்டார்.

"ஆசாரியம்மா, இது கறுக்காம இருக்க என்ன பூசோணும்?"

அவர் காட்டியது செர்ரி மரத்தில் செய்த ஒரு பெட்டி. மகள் தாரணியின் கல்யாணச் சீருக்காக அவரே தன் கையால் செய்தது. அதற்காக விரலைக் கிழித்துக்கொண்டார், மூலைகள் சேராத ஒரு நாள் அழவும் செய்தார். கடைசியில் பெட்டி நன்றாகத்தான் வந்திருந்தது. புதிதாக இழைத்த பலகை இளஞ்சிவப்பாக, குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி இருந்தது.

இந்தக் குருவுக்கும் சீடருக்கும் வயது தலைகீழ். கோகிலமணிக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. சென்னியப்பன் பணி ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் ஒரு பெயிண்ட் கம்பெனிக்காக ஊர் ஊராக அலைந்து விற்றவர். உலகத்தில் எந்தக் குறைக்கும் ஒரு டப்பா உண்டு என்று நம்பினார். சுவர் ஊறுகிறதா, ஒரு டப்பா. கம்பி துருப்பிடிக்கிறதா, இன்னொரு டப்பா. அப்படிப்பட்டவர் ஓய்வுக்குப் பிறகு கோவைக்கு வெளியே இருந்த இந்தப் பட்டறை வாசலில் வந்து நின்று, "எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். கோகிலமணியும் சேர்த்துக்கொண்டார்.

"செர்ரி கறுக்குமுங்க," என்றார் கோகிலமணி. "வெயில் பட்டா கறுக்கும். அது அதோட குணம்."

"அதான் வேண்டாங்கறேன். இன்னைக்கு இருக்கற நிறத்துலயே நிக்கோணும்."

"எண்ணெய் பூசுங்க."

"எண்ணெய் பட்டா உடனே கறுக்குமே!"

"கறுக்கும்."

"மெலமைன் பாலிஷ்?"

"மெதுவாக் கறுக்கும்."

"வெயிலத் தடுக்கற வார்னிஷ் இருக்குது. நானே வித்திருக்கறேன்."

"இன்னும் மெதுவாக் கறுக்கும்."

"அப்ப எதைப் பூசுனாத்தான் கறுக்காது?"

கோகிலமணி கொஞ்சம் யோசித்தார்.

"பெயிண்ட்."

பெயிண்ட் விற்ற மனிதருக்கே சுருக்கென்றது.

"பெயிண்ட் அடிக்கறதுக்குச் செர்ரி எதுக்குங்க? பிளைவுட் போதுமே!"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

சென்னியப்பனுக்கு நிறத்தைப் பற்றிய கவலை இந்தப் பெட்டியோடு நிற்கவில்லை. தாரணி நில அளவையர். பைபாஸ் ரோடு போடும் இடத்தில், அளக்கும் கருவியை முக்காலியில் நிறுத்தி, நாளெல்லாம் வெயிலில் நிற்பவள். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஈரோட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா போனிலேயே கேட்டுவிட்டார், "பொண்ணு கலருதானுங்களே?" சென்னியப்பனும் வாய் கூசாமல் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. மகளை ஒரு மாதம் லீவு போட வைத்தார். கடலை மாவு, தயிர், தக்காளிச் சாறு என்று வீட்டுக்குள்ளேயே ஒரு பட்டறை நடந்தது. மாடியில் துணி காயப்போடக்கூட அவளை விடவில்லை. இதையெல்லாம் அவரே வந்து பெருமையாகச் சொல்வார். கோகிலமணி கேட்டுக்கொண்டே உளியைத் தீட்டுவார்.

"நீங்க சொல்லாட்டிப் போங்க. நானே ஒரு வழி பண்றேன்," என்றார் சென்னியப்பன்.

பெட்டி தெற்கு ஜன்னலோரம் இருந்தது. தன் வேட்டி ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்திச் செருகினார். இந்தச் சம்பந்தம் சரிவருமா என்று குலதெய்வத்திடம் பூப் போட்டு வாக்குக் கேட்க ஊருக்குக் கிளம்பிப் போனார். போன இடத்தில் பங்காளிகள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை காலையில்தான் திரும்பி வந்தார்.

வந்ததும் வேட்டியை உருவினார். உடனே ஐயோ என்று கத்தினார்.

வேட்டி பெட்டியை முழுதாக மூடியிருக்கவில்லை. மூடியின் ஒரு கோடி வெளியே நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் செக்கச் சிவந்து கறுத்திருந்தது. மூடியிருந்த பக்கம் வெளிறிக் கிடந்தது. நடுவில் கத்தியால் கிழித்த மாதிரி ஒரு கோடு.

"ஆசாரியம்மா! இதை நீங்க பாக்கலியா?"

"பாத்தேன்."

"பாத்தும் இழுத்து மூடலியா?"

"உங்க பெட்டி. உங்க வேட்டி."

சென்னியப்பனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உப்புத்தாளை எடுத்துக் கறுத்த பக்கத்தைத் தேய்க்கப் போனார். அந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவள் தாரணி. சட்டைக்கு மேலே, ரோட்டு வேலைக்குப் போடும் ஆரஞ்சு பாதுகாப்பு ஜாக்கெட்.

"என்ன அம்முணி இது கோலம்?"

"வேலைக்குப் போறேங்கப்பா. லீவை ரத்துப் பண்ணிட்டேன். உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நாளான்னைக்கு அவங்க வர்றாங்க!"

"வரட்டும். நானும் வேலை முடிஞ்சு வர்றேன்."

"ஒரு மாசம் பட்ட பாடெல்லாம் வீணாப் போகும், சாமி. ரெண்டு நாள் பொறுத்துக்க."

"ரெண்டு நாளுங்களா? கல்யாணத்துக்கப்பறம் யாருங்கப்பா வெயில்ல நிக்கறது? அப்பவும் வேட்டி போட்டு மூடுவீங்களா?"

"கறுத்துப் போனா எவன் கட்டுவான்?" என்று கத்தினார் சென்னியப்பன்.

பெற்ற மகளின் முகத்தைப் பார்த்தே சொன்னார். இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. கோகிலமணி உளியைக் கீழே வைத்தார்.

தாரணி அழவில்லை. அப்பாவின் கையிலிருந்த உப்புத்தாளைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் மூடியைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றி, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கையை அந்த மூடியின்மேல் வைத்தாள்.

சட்டை மறைத்த மேல்கை வெளுப்பு. வெயில் பார்த்த கீழ்க்கை கறுப்பு. நடுவில் அதே கோடு. ஒரு மாதக் கடலை மாவு அந்தக் கோட்டை ஒன்றும் செய்திருக்கவில்லை.

"இதுல எதுங்கப்பா உங்க பொண்ணு? கோட்டுக்கு மேலயா, கீழயா?"

சென்னியப்பன் உப்புத்தாளைக் கீழே வைத்தார். தாரணி சட்டைக் கையை இறக்கிவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள். கோகிலமணியிடம் "வர்றேங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஸ்கூட்டர் சத்தம் தேயும்வரை சென்னியப்பன் மூடியில் விழுந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு குரல் இறங்கிக் கேட்டார்.

"ஆசாரியம்மா, இந்தக் கோடு போக என்ன பூசோணும்?"

"வெயில்."

"வெயிலா?"

"ஒரு பக்கம் பிடிங்க."

இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார்கள். ஏறிவந்த வெயில் அதன்மேல் முழுதாக விழுந்தது. கோகிலமணி வேட்டியை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"கறுத்தது கறுத்ததுதான். வெளுத்தது வந்து சேந்துக்கும். நாளாகும்."

"சேந்தப்பறம்? மேல எதைப் பூசறது?"

"வியாழக்கிழமை வர்றவங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அதைச் சொல்லுங்க. எந்த டப்பாவைத் திறக்கறதுன்னு பொறவு பாக்கலாம்."

சொல்லிவிட்டுக் கோகிலமணி உள்ளே போய்விட்டார். சென்னியப்பன் பெட்டியின் பக்கத்தில் நின்றார். தலை சுட்டது. கையில் இருந்த வேட்டியைத் தலையில் போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றியது. போடவில்லை. இந்த வெயிலில்தான் தாரணி நிற்கிறாள், ஒருநாள்கூடத் தலைவலி என்று சொன்னதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

போனை எடுத்தார். ஈரோட்டுக்குத்தான்.

"ஏனுங்க, கோயமுத்தூர்ல இருந்து சென்னியப்பன் பேசறேன். அன்னைக்கு நீங்க பொண்ணு கலரான்னு கேட்டீங்கல்ல, நான் பொய் சொல்லிட்டேனுங்க. என்ற பொண்ணு கறுப்பு. வெயில்ல நின்னு ரோட்டை அளக்கறவ. கல்யாணத்துக்கப்பறமும் அளப்பா. இன்னும் கறுத்துப் போவா."

அந்தப் பக்கம் என்னவோ நீளமாகச் சொன்னார்கள். அவர் கடைசிவரை கேட்டார்.

"தாராளமா யோசிங்க. பாக்கோணும்னா வியாழக்கிழமை பைபாசுக்கே வாங்க, அங்கதான் இருப்பா. வெயில் உங்களுக்கு ஆகாது, குடை எடுத்துட்டு வாங்க. பாத்துட்டுப் போய் யோசிச்சுச் சொல்லுங்க. நாங்களும் யோசிச்சுத்தான் சொல்லுவோம்."

போனை வைத்தார். உள்ளே போனார். கோகிலமணி தலை நிமிராமல் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுதுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"எண்ணெய் மேல்தட்டுல இருக்குதுங்க," என்றார் கோகிலமணி.