பையில் இடமில்லை

குருவுக்கு வயது இருபத்து மூன்று. சிஷ்யைக்கு ஐம்பத்து நாலு. நடந்தது சங்கரன்கோவிலில், ஒரு ஃபேன்சி ஸ்டோர் மாடியில் இருக்கும் கேம் சென்டரில். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் பக்கத்து நாற்காலியில் என் கார் ரேஸில் தோற்றுக்கொண்டிருந்தேன், அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

குருவின் பெயர் மாரிச்செல்வி. சென்டரை நடத்துவது அவள்தான். சிஷ்யை அன்னத்தாய் டீச்சர், பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். செல்வியையே ஒரு காலத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். மட்டம் போட்ட பிள்ளைகள் இங்கே ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்க விசிலோடு மாடியேறி வந்தவர், திரையில் ஒருத்தி வாளோடு பாறைக்குப் பாறை தாவுவதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றுவிட்டார். மறுநாள் தானே வந்தார்.

"ஏட்டி செல்வி, எனக்கு இதைச் சொல்லிக் குடு. இங்க நீதான் வாத்தியார்."

"சரி டீச்சர். விசிலைக் கழட்டி மேசை மேல வச்சிட்டு உக்காருங்க."

வைத்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான்.

ஆட்டத்தின் பெயர் ஏழு கோட்டை. வாள் ஏந்திய ஒரு பெண், ஏழு வாசல், வாசலுக்கு ஒரு காவலன். எதிரியை வீழ்த்தினால் புள்ளி சேரும், புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். வழியில் பெட்டிகள் கிடக்கும், திறந்தால் அமுதக் குடுவை இருக்கும். அடிபட்டுச் சாகப்போகிற நேரத்தில் ஒரு குடுவை குடித்தால் உயிர் திரும்ப நிறையும். செத்தால் வாசலுக்கு வெளியே வந்து விழ வேண்டியதுதான். இவ்வளவுதான் விஷயம்.

டீச்சர் மூன்றாம் வாசலில் மாட்டிக்கொண்டார். அங்கே கருங்கல்லன் என்று ஒரு மலை மாதிரி ஆள். அவன் கையால் மழைக்காலம் முழுக்கச் செத்தார்.

டீச்சர் தினமும் சாயங்காலம் இங்கே வந்து யாரையோ வெட்டிவிட்டுப் போவது ஏன் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். பள்ளித் தாளாளர் மைதானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தார். முதலில் நீளம் தாண்டும் மணல்குழியை மூடி சைக்கிள் ஷெட். அப்புறம் வாலிபால் கோர்ட்டில் ஜெனரேட்டர் அறை. மிச்சம் இருந்தது கோ-கோ ஆடுகளம் ஒன்றுதான். அதிலும் பள்ளி பஸ்களுக்கு ஷெட் போட வேண்டுமாம். சனிக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் முடிவு என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் போனால் பிள்ளைகள் பி.டி. பீரியடில் வகுப்பிலேயே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் செல்வி கேட்டாள். "நீங்க தாளாளர்ட்ட என்ன சொன்னீங்க டீச்சர்?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. சனிக்கிழமைக்கு வச்சிருக்கேன்."

"மணல்குழியை மூடும்போது?"

"சின்ன விஷயம், அதுக்குப் போய் மல்லுக்கட்டணுமான்னு விட்டுட்டேன்."

"பிள்ளைங்களோட அம்மாமார் எல்லாம், ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், வந்து நிக்கோம்னு சொன்னாங்கல்லா?"

"நேரம் வரட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ரெஜினா அக்கா?"

ரெஜினாவும் அன்னத்தாய் டீச்சரிடம் படித்தவள்தான். இப்போது மாநில கோ-கோ அணியில் ஆடுகிறாள். பக்கத்தில் திருநெல்வேலியில்தான் இருக்கிறாள்.

"அவளும் போன் போட்டு வரட்டா வரட்டாங்கா. கடைசில தேவைப்படும்னு நிறுத்தி வச்சிருக்கேன்." டீச்சர் கன்ட்ரோலரைத் தொடையில் தட்டினார். "அதை விடு. இதுக்கு வழி சொல்லு. இம்புட்டு லெவல் ஏறியும் இந்தக் கருங்கல்லனை ஏன் என்னால சாய்க்க முடியல?"

செல்வி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"பையைத் திறங்க."

டீச்சர் பொத்தானை அழுத்தினார். திரையில் பை விரிந்தது. வரிசை வரிசையாக அமுதக் குடுவை. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. எனக்கே மலைப்பாக இருந்தது. நானெல்லாம் கிடைத்த இடத்தில் கிடைத்ததைக் குடித்துவிட்டுப் போகிற ஆள்.

"இதுல ஒண்ணைக்கூடக் குடிக்கலையா டீச்சர்?"

"அதெல்லாம் ஏழாம் வாசலுக்கு."

"நீங்க மூணாம் வாசல்ல செத்துக்கிட்டிருக்கீங்க."

"அதுக்காக இருக்கிறதை எல்லாம் இங்கயே கொட்டித் தீத்துர முடியுமா? கடைசில கஷ்டம் வரும்லா?"

"செத்தவளுக்கு எதுக்கு டீச்சர் மருந்து?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் என் காரை நேராக ஒரு மரத்தில் கொண்டுபோய் விட்டேன்.

செல்வி சிரிக்கவில்லை. "கொஞ்ச தூரம் நடங்க," என்றாள். டீச்சர் நடந்தார். வழியில் ஒரு பெட்டி. திறந்தார். உள்ளே ஒரு குடுவை மின்னியது. திரையில் எழுத்து வந்தது: பையில் இடமில்லை. குடுவை அங்கேயே தரையில் கிடந்தது.

"இது எப்பவும் வருமா?"

"தெனமும் வரும். நான் தாண்டிப் போயிருவேன்."

"கன்ட்ரோலரைக் குடுங்க."

கொடுத்தார். செல்வி வாசல் பக்கமே போகவில்லை. திரும்பிப் புல்வெளிக்கு நடந்தாள். அங்கே இருப்பது வெறும் காட்டுப் பன்றிகள், ஆட்டம் தொடங்கிய முதல் நாளில் வெட்டுகிற ஜாதி. ஒரு பன்றி முட்டட்டும் என்று சும்மா நின்றாள். முட்டியது. உயிர்க்கோடு ஒரு துளி குறைந்தது. செல்வி ஒரு அமுதக் குடுவையை எடுத்துக் குடித்தாள்.

"ஏட்டி! பன்னிக்குப் போயா!"

இரண்டாவது பன்றி. இரண்டாவது குடுவை.

"செல்வி! வேண்டாம்ட்டி, சொல்லுதேன்லா! நிறுத்து!"

மூன்றாவதைக் குடித்ததும் திரையில் ஒரு மரம் வந்தது. லெவல் ஏறும்போது வருகிற அதே மரம்தான், ஒவ்வொரு கிளையும் ஒரு வித்தை. இதுவரை பட்டுப்போன மாதிரி கறுப்பாக நின்ற ஒரு கிளை பச்சையாகி இலை விட்டது. பக்கத்தில் இரண்டாம் மூச்சு என்று எழுதியிருந்தது.

டீச்சர் கன்ட்ரோலரைப் பறிக்க நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். "இது என்னது? நான் பாத்ததே இல்லையே."

"குடிச்சாத்தான் திறக்கும்."

"எத்தனை லெவல் ஏறினேன்! அதுல திறக்கலையே?"

"அதுல திறக்காது டீச்சர்."

சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள். பன்றி முட்ட முட்ட, ஈவு இரக்கமே இல்லாமல், ஒன்று விடாமல். பை காலியானது. அதை அப்படியே சேவ் பண்ணினாள்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் அவர் இப்படி எழுந்து நின்றால் ஏழு வகுப்பு அமைதியாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"மாசக்கணக்கா சேத்து வச்சதுட்டி அது! ஒரு பொட்டுச் சேதாரமில்லாம வச்சிருந்தேன்! உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்!"

"கருங்கல்லன்ட்ட போங்க டீச்சர்."

"வெறும் பையோடயா?"

"வர்ற கோவத்தை எதுக்கு என்மேல காட்டுதீங்க? அவன்மேல காட்டுங்க."

டீச்சர் கன்ட்ரோலரைப் பிடுங்கினார். அன்றைக்கு அவர் ஆடியதுதான் ஆட்டம். ஒளியவில்லை, பதுங்கவில்லை. வழியில் இருந்த பெட்டியை ஓடிக்கொண்டே திறந்தார், கிடைத்த குடுவையை அடிபட்ட இடத்திலேயே குடித்தார். கருங்கல்லன் ஓங்கி அறைந்ததில் கீழே விழுந்தார். வழக்கமாக அத்தோடு கதை முடியும். அன்று முடியவில்லை. விழுந்தவள் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டாம் மூச்சு என்பது அதுதான் போல. டீச்சர் "ஏ ஆத்தா!" என்று கத்திவிட்டு, எழுந்தவளை நேரே அவன் நெஞ்சுக்கு ஓட்டினார்.

கடைசியில் செத்துத்தான் போனார். ஆனால் கருங்கல்லனுக்கு இருந்த உயிர் ஒரு நகக்கண் அளவு.

டீச்சர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். விசிலை எடுத்துக்கொண்டு, செல்வியிடம் சொல்லாமல் படி இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. என் ரீசார்ஜ் கடை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே. காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன், செங்கல் லாரி ஒன்று பின்பக்கமாகவே கேட்டுக்குள் நுழைகிறது. நேராகக் கோ-கோ ஆடுகளத்தைப் பார்த்து. சனிக்கிழமை முடிவு, வியாழக்கிழமை செங்கல்! மனுஷனுக்குத்தான் எத்தனை அவசரம்.

அன்னத்தாய் டீச்சர் வெளியே வந்தார். லாரியைப் பார்த்தார். சரி, வழக்கம்போல உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்தார்.

அப்புறம் அம்மாமார் வந்தார்கள் பாருங்கள். ஒருத்தி கையில் தோசை மாவு காய்ந்திருந்தது. ஒருத்தி கழுத்தில் தையல் டேப் தொங்கியது. பாதிப் பேர் டீச்சரிடமே படித்தவர்கள். கோஷம் போடப் போகிறார்கள் என்று பார்த்தால், டீச்சர் விசில் ஊதினார்.

"லைன்ல உக்காருங்க!"

கோ-கோவில் உட்காருவார்களே, அதே மாதிரி. இரண்டு கம்பத்துக்கும் நடுவில் ஒரே வரிசை, ஒருத்தி கிழக்கே பார்த்து, அடுத்தவள் மேற்கே பார்த்து. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். லாரி எந்தப் பக்கம் வந்தாலும் ஒரு முகம் அதைப் பார்த்தது.

"டீச்சர், முட்டி வலிக்கி," என்றாள் ஒருத்தி.

"எட்டாங்கிளாஸ்லயே உனக்கு முட்டி வலிதான். உக்காருட்டி!"

பத்து மணி வாக்கில் தாளாளர் காரில் வந்து இறங்குவதற்குள் திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து ரெஜினாவும் இறங்கிவிட்டாள். அணிச் சட்டையோடு வந்து, பையை மூலையில் போட்டுவிட்டு, கேட்காமலே களத்தில் இறங்கினாள். டீச்சர் விசில் ஊதினார். ஆட்டம் தொடங்கியது. ஒருத்தி முதுகில் தட்டி "கோ!" என்று கத்த, அவள் எழுந்து ரெஜினாவை விரட்ட, லாரி டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

தாளாளர் வேகமாக வந்தார். "என்ன டீச்சர் இது? சனிக்கிழமை கூட்டம் இருக்கில்ல? அங்க வந்து பேசுங்க."

"செங்கல் வியாழக்கிழமையே வந்திருச்சே சார்."

"அது சும்மா இறக்கி வைக்க."

"நாங்களும் சும்மா ஆடத்தான் வந்தோம்."

"உங்க வேலையை நினைச்சுப் பாத்துப் பேசுங்க டீச்சர்."

டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் பேசியது தெருவில் நின்ற எனக்கே கேட்டது.

"மணல்குழியை மூடினீங்க, வாயைத் திறக்கல. வாலிபால் கோர்ட்டை எடுத்தீங்க, அப்பவும் திறக்கல. எல்லாத்தையும் சனிக்கிழமைக்குன்னு வச்சிருந்தேன். இப்ப ஒண்ணும் மிச்சம் வைக்கப் போறதில்ல. இந்தக் களத்தைத் தரமாட்டேன் சார். உங்களால ஆனதைப் பாருங்க."

அம்மாமார் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கிழக்கே பார்த்தவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "இறக்கவா, கொண்டு போகவா சார்? அடுத்த லோடு கிடக்கு."

தாளாளர் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். லாரி வந்த வழியே வெளியே போனது. "சனிக்கிழமை பாத்துக்கிடுதேன்," என்று தாளாளரும் காரில் ஏறினார். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்தும்விட்டேன்.

சாயங்காலம் டீச்சர் மாடிக்கு வந்தார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. விசிலைக்கூடக் கழற்றவில்லை. உட்கார்ந்தார், கன்ட்ரோலரைத் தொடவில்லை. திரையில் மூன்றாம் வாசல் அப்படியே நின்றது.

"கேள்விப்பட்டேன் டீச்சர். ஊர் பூரா இதே பேச்சுதான்," என்றாள் செல்வி.

"கோவத்துல எல்லாத்தையும் விட்டுட்டேன் செல்வி." டீச்சர் குரல் இறங்கிவிட்டது. "அந்தாளு சனிக்கிழமை கமிட்டி ஆட்கள் அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டு வருவாரு. எனக்கு யாரு இருக்கா? அம்மாமாரைக் கூப்பிட்டாச்சு. ரெஜினாவைக் கூப்பிட்டாச்சு. பேச வேண்டியதையும் பேசியாச்சு. வேலை இருக்குமோ போகுமோ, அதுவும் தெரியல. பயமா இருக்குட்டி. சனிக்கிழமைக்குன்னு என் கையில ஒண்ணுமே இல்ல."

செல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். "தெரியாத நம்பர். யாரோ." போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். அடித்து ஓய்ந்தது. ஓய்ந்ததும் வேறு நம்பரிலிருந்து வந்தது. அதையும் பார்த்துவிட்டுக் கவிழ்த்தார். மூன்றாவதாக ஒன்று அடிக்க ஆரம்பித்தது.

"யாருட்டி இதெல்லாம் இந்நேரத்துல?" என்றார் டீச்சர்.

செல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பையிலதான் இப்ப இடம் இருக்கே டீச்சர். எடுங்க."