ஏரியில் ஒரே ஒரு தெப்பம்

காட்டு ஏரி ஒன்றில் மூன்று பேர் சவாரி விட்டுப் பிழைத்தார்கள். ஆமை தன் முதுகில் எலிகளை ஏற்றிக்கொண்டு தாமரைக் கொடிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும். வாத்து ஒரு பாக்கு மட்டையில் அணில்களை உட்காரவைத்து, நாணலுக்குள் இழுத்துப் போய்ப் பறவைக் கூடுகளைக் காட்டும். நீர்நாய் இரண்டு வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டி, முயல்களை அருவிப் பக்கம் கூட்டிப்போய் நன்றாக நனைத்துக் கொண்டுவரும்.

மூன்றும் குறுகலான வழிகள். தண்ணீரும் அதிகம் இருக்காது. ஆழமெல்லாம் நடு ஏரியில்தான். அங்கே ஒரு முதலை படுத்திருந்தது.

அந்த முதலையை நினைத்தால் நீர்நாய்க்குச் சோறு இறங்காது. ஒருநாள் மற்ற இருவரையும் கூப்பிட்டது.

"நாம சின்ன ஆளுங்க. இப்படியே இருந்தா முதலை ஒருநாள் நம்மளை முழுங்கிடும்!"

"இத்தனை வருஷமா முழுங்கலையே, தம்பி?" என்றது ஆமை.

"இனிமே முழுங்கும், ஆமையக்கா! நாமளும் பெரிசானாத்தான் தப்பிக்கலாம். மூணு சவாரியையும் ஒண்ணாக்கிடுவோம். பொறுப்பை நான் பார்த்துக்கிறேன்!"

பொறுப்பை யார் பார்ப்பது என்பதில் மட்டும் நீர்நாய் தெளிவாக இருந்தது.

வாத்தின் மட்டை நைந்து கிழியும் நிலையில் இருந்தது. அதனால் அது உடனே தலையாட்டிவிட்டது. ஆமை மசியவில்லை. நீர்நாய் சண்டை போடவில்லை. எலிகளுக்கு மட்டும் தன் சவாரி இலவசம் என்று அறிவித்தது. அவ்வளவுதான்! அதுவரை 'ஆமையக்கா, ஆமையக்கா' என்று உயிரை விட்ட எலிகள், ஆமை இருந்த பக்கமே திரும்பவில்லை. முதுகு காலியாகவே கிடந்து காய்ந்தபின் ஆமையும் வந்து சேர்ந்தது.

நீர்நாய் ஏரிக்கரை வாழைகளையெல்லாம் சாய்த்து ஒரு பெரிய தெப்பம் கட்டியது. அதற்கு மேலே மூங்கிலில் ஒரு மாடி! ஆமைக்கு 'வரவேற்பு அதிகாரி' என்று பட்டம் கிடைத்தது. கரையில் உட்கார்ந்து "வாங்க, வாங்க!" என்று சொல்வதுதான் வேலை. வாத்துக்கு 'துணைத் தலைவர்' பட்டம். அதன் வேலை தெப்பத்தை இழுப்பது.

முதல் சவாரிக்குக் காடே திரண்டு வந்தது. கிளம்பிய பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. தெப்பம் தாமரை வழியில் நுழையவில்லை. நாணலில் நுழையவில்லை. அருவிக்குப் போகும் வழியில் தரை தட்டியது.

"தாமரை எங்கே?" என்று கேட்டது ஒரு கிழ எலி.

"தாமரையைத் தேடி நீங்க ஏன் அலையணும்? பறிச்சு உங்க காலடியிலேயே போட்டிருக்கோமே!" என்றது நீர்நாய்.

"அருவி?" என்றது ஒரு முயல்.

"காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. சத்தம் கேக்கும்!"

அவ்வளவு பெரிய தெப்பம் மிதக்க நடு ஏரி ஒன்றுதான் இடம். வாத்து இழுத்தது. தெப்பம் ஆழத்துக்கு வந்தது. முதலை மெல்லத் தலையைத் தூக்கித் தாடையைத் தெப்பத்தின் ஓரத்தில் வைத்தது. வாத்து கயிற்றை விட்டுவிட்டுப் பறந்தேபோனது.

"கிட்ட வராதே! நாங்க இப்போ பெரிய ஆளுங்க!" என்று கத்தியது நீர்நாய்.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்!" என்றது முதலை. "ஒரு கிழிஞ்ச மட்டைக்காக நாணல்ல நுழைஞ்சு வயித்தைக் கீறிக்க எனக்கு என்ன தலையெழுத்தா? சில்லறை சில்லறையா இருந்தீங்க, நான் கண்டுக்கலை. இப்போ நீயே எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி, மாடியும் வெச்சு, என் வாசலுக்கே கொண்டாந்துட்டே. ரொம்பச் சந்தோஷம் தம்பி!"

பயணிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதன. நீர்நாய் முதலையின் முன்னால் வந்து கைகூப்பியது.

"ஐயா, இதுங்க என்னை நம்பி ஏறினதுங்க. விட்டுடுங்க. என்னை வேணும்னா தின்னுக்குங்க."

"உன்னைத் தின்னா ஒரு வேளைச் சாப்பாடு. நீ மீன் பிடிச்சுப் போட்டா தினமும் சாப்பாடு! இவங்களைக் கரையில இறக்கிவிட்டுட்டுத் தெப்பத்தோட திரும்பி வா. ஓடிடலாம்னு நினைக்காதே. உன் குட்டிங்க இருக்கிற வளை எனக்குத் தெரியும்."

நீர்நாய் எல்லாரையும் கரையில் இறக்கிவிட்டு, அழுதுகொண்டே தெப்பத்தோடு திரும்பி வந்தது.

இப்போது முதலை மாடியில் படுத்து வெயில் காய்கிறது. நீர்நாய் கயிற்றைப் பல்லில் கடித்துத் தெப்பத்தை இழுக்கிறது. வெயில் போகும் திசையெல்லாம் இழுக்கிறது. நடுநடுவே முங்கி மீன் பிடித்து மேலே எறிகிறது. கரையில் நிற்கும் எலிகள் வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்க்கின்றன.

"என்ன இருந்தாலும் நம்ம ஏரியில இவ்வளவு பெரிய தெப்பமா!" என்று அவற்றுக்கு ஒரே பெருமை.

பெரியவன் விழுங்கிவிடுவானே என்று பயந்து சிறியவர்களை விழுங்கிப் பெருத்தவன், கடைசியில் அந்தப் பெரியவனின் வாய்க்கு ஏற்ற கவளமாகத்தான் ஆவான்.