தாழிக்கூடத்துக் கச்சேரி

அந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் இசைக்காரர்களை உள்ளே விடுவார்கள். ஆளுக்கொரு காட்சிக்கூடம். அங்கே இருக்கும் பொருள்களோடு பழகி, புதிதாக ஒன்றைக் கட்டி, அதே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நாணயக் கூடத்தை ஒரு மிருதங்கக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். பாடம் செய்த விலங்குகள் நின்ற கூடம், கணினியில் ஒலிகளைக் கோத்து இசை செய்யும் ஒரு பெண்ணுக்குப் போனது.

முதுமக்கள் தாழிகள் இருந்த கூடத்துக்கு வயலின் ஆசிரியை நாச்சியம்மையை அழைத்தார்கள். அவர் தன் மாணவர் பூரணலிங்கத்தின் பெயரைச் சொன்னார்.

"அவர் பக்கவாத்தியக்காரர் ஆச்சே. தனியா உக்காந்து என்னம்மா வாசிப்பார்?" என்றார் காப்பாட்சியர் அன்வர்தீன்.

"அதைக் கேக்கத்தான் நானும் வர்றேன்."

கதவுக்கு வெளியே நின்றிருந்த பூரணலிங்கத்தின் காதில் இரண்டும் விழுந்தன.

அவர் ஆசிரியையைவிட மூத்தவர். பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். பாடகர் ஒரு வரி பாடி நிறுத்துவார். இவர் அதை வயலினில் திருப்பிச் சொல்வார். அதில் அவருக்கு நல்ல பெயர். சொந்தமாக ஒரு வரி வாசிக்கச் சொன்னால் மட்டும் வில் நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு வழி கேட்டுத்தான் நாச்சியம்மையிடம் வந்து சேர்ந்தார்.

தாழிக்கூடத்துக்கு அவர் அருங்காட்சியகத்தின் விடுமுறை நாட்களில் மட்டும் போனார். அன்றைக்குத்தான் சத்தம் இருக்காது. காவலர் கதவைத் திறந்துவிட்டு மரத்தடிக்குப் போய்விடுவார்.

உயரமான கல் கூடம். கயிற்று வேலிக்கு அப்பால் பெரிய பெரிய மண் தாழிகள், வாயைத் திறந்தபடி. செத்தவர்களைக் கால் மடக்கி உள்ளே உட்காரவைத்துப் புதைத்தவை.

முதல் நாள் ஒரு வரி வாசித்து நிறுத்தினார். கூடம் அதைத் திருப்பிச் சொன்னது. சற்றுத் தாமதமாக, சற்று அடங்கின குரலில், அவர் வாழ்நாளெல்லாம் பிறருக்குச் செய்ததைப்போலவே.

பூரணலிங்கம் வில்லைத் தாழ்த்தினார். பிறகு இன்னொரு வரி வாசித்தார். அதுவும் வந்தது. அவருக்குப் பின்னால் வாசிக்க ஒரு துணை கிடைத்துவிட்டது.

முழு உருப்படியையும் அப்படியே கட்டினார். ஒரு வரி, ஓர் இடைவெளி. அவர் சொல்வார், கூடம் பின்தொடரும். வில் நடுங்கவில்லை.

"எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றார் நாச்சியம்மை.

"வீட்டுல வராது டீச்சர். அங்க வந்து கேளுங்க."

அந்த நாளும் வந்தது. சுதி சேர்க்கலாம் என்று பூரணலிங்கம் சற்று முன்னதாகவே கூடத்துக்குள் போனார். தரை முழுக்க ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அதற்குள் பாதிக் கூடம் நிறைந்திருந்தது. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

சுதி சேர்த்துவிட்டு முதல் வரியை மெதுவாக வாசித்து, நிறுத்தி, காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை.

இன்னும் அழுத்தி வாசித்தார். வில்லை எடுத்ததும் ஒலி அங்கேயே அறுந்து விழுந்தது. யாரோ தும்மினார்கள்.

வயலினைக் கையில் பிடித்தபடியே தாழ்வாரத்துக்கு ஓடினார். நாச்சியம்மையும் காப்பாட்சியரும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், கூடம் செத்துப்போச்சு."

"என்ன சொல்றீங்க?"

"எதிரொலி இல்ல. காலியா இருந்தப்ப வந்துச்சு. இத்தனை ஆளும் ஜமுக்காளமும் சேர்ந்து எல்லாத்தையும் முழுங்கிடுது. நான் எதிரொலியை நம்பித்தான் கட்டியிருக்கேன்." காப்பாட்சியர் பக்கம் திரும்பினார். "சார், ஜனங்களை இந்தத் தாழ்வாரத்துல உக்கார வைங்க. நான் மட்டும் உள்ள வாசிக்கிறேன். ஒலிபெருக்கி வெச்சா இங்க நல்லாவே கேக்கும்."

"அப்போ சட்டிபானைக்குக் கச்சேரிங்கறீங்க."

"சார், விளையாடாதீங்க."

"நானா விளையாடுறேன்? ஊரைக் கூப்பிட்டு வெளிய நிறுத்தச் சொல்றது நீங்க." அன்வர்தீன் நாச்சியம்மையைப் பார்த்தார். "நான் அப்பவே கேட்டேன் இல்லையாம்மா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. உங்க வயலின் வண்டியிலதான இருக்கு? நீங்களே வாசிச்சுடுங்க."

பூரணலிங்கத்தின் முகம் வெளிறியது.

நாச்சியம்மை தம்ளரைக் கீழே வைத்தார். "பூரணலிங்கம், ஜனங்க வெளிய இருந்தா வாசிப்பீங்க?"

"வாசிப்பேன்."

"உள்ள இருந்தா?"

"எப்படி டீச்சர்? வரிக்கு வரி ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலயும் நான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். இதுக்கப்புறம் என்னை யார் தனியா கூப்பிடுவா? பேர் சொன்ன உங்களுக்கும் கெட்ட பேர்." கூடத்தின் பக்கம் கைகாட்டினார். "அந்த இடைவெளியில நான் என்ன வாசிக்கிறது? அதை மட்டும் சொல்லிக்குடுங்க."

நாச்சியம்மை வாசற்படிக்குப் போனார். வெயிலுக்கு ஒதுங்கி நின்றவர்கள், வண்டி ஓட்டிவந்தவர்கள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த பெண்கள் என்று அங்கே ஒரு கூட்டம் இருந்தது.

"ஏன் வெளிய நிக்கறீங்க? வாங்க. உள்ள இடம் இருக்கு."

"பிள்ளை அழுவும்மா."

"அழட்டும், வாங்க."

ஒருவர் விடாமல் உள்ளே அனுப்பினார். நெருங்கி உட்காரச் சொன்னார். தாழிகளைச் சுற்றியிருந்த கயிறு வரைக்கும் ஆள் நிறைந்தது. பூரணலிங்கம் வாசலில் சிலைபோல் நின்றார்.

"டீச்சர், என்னைக் கொல்லப் பாக்கறீங்களா?"

"நேரமாச்சு. போய் உக்காருங்க."

"அப்படின்னா நீங்களே வாசிங்க."

"நான் கேக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு நாச்சியம்மை கூட்டத்துக்கு நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

திரும்பிப் போக வழியில்லை. வழியெல்லாம் ஆட்கள். பூரணலிங்கம் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். வில்லை எடுத்தார். பழைய நடுக்கம் தோளிலிருந்து இறங்கி வந்தது.

முதல் வரி. இடைவெளி.

வியர்வை காதோரம் வழிந்தது. யாரோ இருமினார்கள். ஒரு வளையல் நகர்ந்தது. அவ்வளவுதான்.

இரண்டாம் வரி. இடைவெளி. முன்வரிசையில் ஒருவர் தன் பக்கத்து ஆளிடம், "மறந்துட்டாரோ?" என்றார். பூரணலிங்கத்துக்கு அது இடி மாதிரி கேட்டது. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. ஆசிரியையைப் பார்த்தார். அவர் கண்ணை மூடியிருந்தார்.

மூன்றாவது வரியை வாசித்தார். குழந்தை ஒன்று சிணுங்கி, அடங்கியது. நான்காவது. இருமல் நின்றது. அதற்குப் பிறகு வந்த இடைவெளிகளில் விசிறிச் சத்தம்கூட இல்லை. வில் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுங்கியபடியே கடைசி வரி வரைக்கும் போனது.

முடித்து வில்லைக் கீழே வைத்தார். யாரும் கைதட்டவில்லை. யாரும் எழவும் இல்லை. ஒருவர் கயிற்றருகே ஒரு தாழியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

காப்பாட்சியர் ஓரமாக வந்து, "முடிஞ்சுதுன்னு சொல்லிடட்டுமா?" என்று கிசுகிசுத்தார். நாச்சியம்மை வேண்டாமென்று கையசைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மாணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பூரணலிங்கம் தலை நிமிரவில்லை.

"ஒரு வரிகூடத் திரும்பி வரல டீச்சர்."

"ஆமா" என்றார் நாச்சியம்மை. "இவங்க வெச்சுக்கிட்டாங்க."