விலை போகாத சடுகுடு வீரர்கள்

முன்னொரு காலத்தில், வருகிற வரி அரண்மனைச் சமையலுக்கே இழுபறியாக இருந்த ஒரு சின்ன நாட்டை வில்லவராயர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அவருக்குச் சடுகுடு என்றால் உயிர். ஆனால் அவர் தேடிப் பிடித்துத் தேற்றிய வீரர்களை எல்லாம் பக்கத்துப் பெரிய நாட்டு அரசர் பொன்னைக் கொட்டி இழுத்துக்கொண்டார். வருஷா வருஷம் வீரர்களின் கூலி ஏறியது. வருஷா வருஷம் தோல்வி.

மன்னர் விகடகவி அம்பலவாணனை அழைத்தார்.

"அவர்கள் பொன்னால் வாங்க முடியாத ஆட்களைக் கொண்டுவந்து இந்தத் திருவிழாவில் ஜெயித்துக் காட்டும். தோற்றால் நீர் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

இதை மன்னர் காதில் போட்டவர் அமைச்சர் காலிங்கராயர். அம்பலவாணனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அம்பலவாணன் செய்ததெல்லாம் மன்னருக்குச் சந்தேகமாகவே இருந்தது. கிணற்றில் விழுந்த குடத்தை மூழ்கி எடுப்பவன், கோயிலில் சங்கு ஊதுபவன், முரட்டு மாட்டைச் சாய்த்து லாடம் கட்டுபவன் என்று ஆள் சேர்த்தான். ஒருவன் முகத்திலும் வீரக்களை இல்லை. பூதன் என்ற மலை போன்ற மல்லன் ஒருவனைத்தான் மன்னர் நம்பியிருந்தார். அவனையும் பெரிய நாட்டார் வாங்கிப் போனார்கள். சேதி கேட்டு அம்பலவாணன் சிரித்தானாம்.

"அந்தப் பொன்னில் விகடகவிக்கும் பங்கு உண்டோ என்னவோ, அரசே. நான் சொல்லக்கூடாது," என்றார் அமைச்சர்.

மன்னர் ஒற்றனை ஏவினார். விகடகவி கிணற்றடியில் உட்கார்ந்து, மூழ்கியவன் எப்போது எழுவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் அவனும் வந்து சொன்னான். சந்தேகம் இன்னும் கூடியது.

திருவிழா வந்தது. பாடிப் போகிறவன் எதிர்க்களத்தில் மூச்சு விட்டால் அவுட். பூதன் நாலடி பாடுவதற்குள் இளைத்தான். லாடக்காரன் கணுக்காலைப் பிடித்து உட்கார வைத்தான். கிணற்று ஆளும் சங்கு ஊதுபவனும் போனால், பாட்டு அறாமல் ஆளுக்கு இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள். சின்ன நாடு ஜெயித்தது.

மன்னருக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. பூதன் விலை போனபோது ஏன் சிரித்தீர் என்று கேட்டார்.

"வாங்க முடியாத ஆள் கேட்டீர்கள், அரசே. வாங்கவே தோன்றாத ஆட்களைப் பிடித்தேன். பூதனுக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். நம் நம்பிக்கையே அவன்தான் என்று ஒருவரிடம் மட்டும் சொல்லிவைத்தேன். அமைச்சரிடம்."

காலிங்கராயர் தலை கவிழ்ந்தது. அடுத்த திருவிழாவரை ஆட்டக்களத்தைப் பெருக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. தம் முத்துமாலையை அம்பலவாணனுக்குப் போட்ட மன்னர், கையை எடுக்காமல் கேட்டார்.

"இனி உம்மையே அவர்கள் விலைக்குக் கேட்டால்?"

"கேட்க மாட்டார்கள், அரசே. என்னைப் பற்றி அங்கே போய்ச் சொல்லக்கூடியவர் இங்கே பெருக்கிக்கொண்டிருப்பாரே."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்து மாலையை விட்டார்.