பனிக்கடல் மீன்களும் ஆழத்து நீரும்

வடகோடியில், பனிக்கட்டி மூடிய ஒரு கடலுக்கடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இருந்தது, குழந்தைகளே. காற்று ஒரு பக்கமாக வீசினால் ஆழத்து நீர் அதன் வழியே மேலேறும். கூடவே குட்டி இறால்களும் வரும். காற்று திரும்பினால் அந்த நீர் வந்த வழியே இறங்கிவிடும். பள்ளத்தாக்கின் விளிம்பில் வாழ்ந்த ஒரு மீன் கூட்டம் அந்த இறால்களை நம்பியே பிழைத்தது.

கூட்டத்தின் தலைவன் பொலிவன் சாப்பாட்டுப் பிரியன். அதே கூட்டத்தில் மின்னி என்றொருத்தி, அந்த ஆண்டுதான் முதல் முறையாக முட்டையிடவிருந்தாள். அவர்களுடைய முட்டைகள் பனிக்கட்டிக்கு அடியில், கடுங்குளிரில் மிதந்தால்தான் பிழைக்கும்.

அந்த ஆண்டு காற்று திரும்பவே இல்லை. ஆழத்து நீர் ஏறிக்கொண்டே இருந்தது. இறால்கள் கொட்டிக் கிடந்தன. மீன்கள் தின்று கொழுத்தன.

ஒரு நாள், பள்ளத்தாக்கின் அடியில் தனியாக வாழும் முள்ளன் என்ற மீன் மேலே வந்தான்.

"ஏறிய நீர் இறங்கவில்லை. இந்தக் கடலில் மேல்நீரைவிட ஆழத்து நீர்தான் வெதுவெதுப்பு; அது பனியை அடியிலிருந்து கரைக்கிறது. கிழக்கே பனி இன்னும் கெட்டியாக இருக்கிறது. முட்டையிடும் முன் அங்கே போய்விடுங்கள்" என்றான்.

பொலிவன் வாயிலிருந்த இறாலை விழுங்கினான். "வயிறு நிறையும் இடத்தை விட்டு, வெறும் குளிரைத் தேடிப் போகச் சொல்கிறாயா?" என்று கேட்டான். மற்ற மீன்கள் சிரித்தன.

மின்னி முள்ளனை நம்பினாள். கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினாள். யாரும் அசையவில்லை. தனியே போனால் சீல்களுக்கு இரையாகிவிடுவோமே என்று பயந்து, அவளும் தங்கிவிட்டாள். அங்கேயே முட்டையிட்டாள்.

மெலிந்துபோன பனி ஒரு புயலில் உடைந்து சிதறியது. முட்டைகள் வெளுத்து, ஒவ்வொன்றாய் அமிழ்ந்தன. மின்னி ஒவ்வொன்றின் பின்னாலும் கொஞ்ச தூரம் இறங்கிப் போனாள். பிறகு அடுத்ததற்காகத் திரும்பி வந்தாள். அதற்குள், வெதுவெதுப்பான நீரைத் தேடித் தெற்கிலிருந்து வந்த பெரிய மீன்கள் இறால்களையும் தின்று தீர்த்திருந்தன.

பசி தாங்காமல் பொலிவன் கூட்டத்தோடு முள்ளனைத் தேடிப் போனான். கிழக்கே போக வழி கேட்டான்.

"இத்தனை நாள் அங்கே பனி தாங்கியது. இப்போது அதுவும் இல்லை, அதனடியில் இரையும் இல்லை" என்றான் முள்ளன்.

பொலிவன் தலை குனிந்தான். மின்னி முன்னால் வந்தாள்.

"அன்றைக்கே போயிருந்தால் என் முட்டைகள் பிழைத்திருக்குமா?"

முள்ளன் அவள் அருகே நீந்தி வந்தான்.

"பிழைத்திருக்கும்" என்றான்.

நீதி: வயிறு நிறைந்திருக்கும்போது கேளாத எச்சரிக்கையை, பசி வந்தபின் கேட்டுப் பயனில்லை.