எழுபது வளைவுகள்

மரகதவல்லி சைக்கிள் ஓட்டக் கற்றபோது அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. கற்றுக்கொடுத்தவள் எதிர்வீட்டு தில்ஷாத், அவளைவிடப் பதினாறு வயது இளையவள். இருந்தாலும் மரகதம் அவளை ‘குருவே’ என்றுதான் கூப்பிடுவாள். முதலில் கேலியாகத்தான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

மூன்று வருடம் கழித்து, தோழிகள் இருவரும் சேலத்திலிருந்து நான்கு நாள் சைக்கிள் பயணம் கிளம்பினார்கள். முதல் நாள் ஏற்காடு. இரண்டாம் நாள் இறங்கி ராசிபுரம். மூன்றாம் நாள் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள்.

அந்த மலை மரகதத்துக்குப் புதிதல்ல. போன வருடம் ஐம்பத்திரண்டாவது வளைவில் முடியாமல் இறங்கிவிட்டாள். அன்னாசி ஏற்றி வந்த லாரியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் டிரைவருக்குத் தெரியாமல் அழுதபடி திரும்பினாள்.

மூன்றாம் நாள் காலை மரகதம் கேட்டாள்.

“குருவே, இன்னைக்கு ஏறிடுவேனா?”

தில்ஷாத் குனிந்து அவள் சைக்கிளின் டயரை அழுத்திப் பார்த்தாள்.

“காத்து சரியா இருக்கு. இட்லி ஆறுது, சாப்பிடுங்கக்கா.”

ஏற்றம் தொடங்கியது. மரகதம் முன்னால், தில்ஷாத் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் மரகதம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். இருபதாவது வளைவில் அப்படித் திரும்பியபோது சக்கரம் ஓரத்துச் சரளையில் சறுக்கியது. முழங்கை சிராய்த்துவிட்டது.

“எதுக்குக்கா திரும்புறீங்க?”

“நீ வர்றியான்னு பார்த்தேன்.”

“நான் எங்க போகப்போறேன்? ரோட்டைப் பாருங்க.”

அதன்பிறகு மரகதம் திரும்பவில்லை. முப்பது. நாற்பது. தொடை எரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. ஐம்பத்திரண்டாவது வளைவில், போன வருடம் உட்கார்ந்து அழுத அதே கைப்பிடிச் சுவர் வந்தது. “இன்னைக்கு உன் மேல உட்கார மாட்டேன், போ!” என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டு மிதித்தாள்.

அறுபத்தாறில் எதிரே ஒரு பேருந்து இறங்கி வந்தது. டிரைவர் ஓரங்கட்டி வழிவிட்டார். ஜன்னலோரப் பெண்கள் கை தட்டினார்கள்.

“விடாதம்மா, மிதி! இன்னும் நாலுதான்!”

எழுபது என்று எழுதிய பலகை வந்தது. மரகதம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“குருவே! எழுபது! எழுபதுடி!”

திரும்பிப் பார்த்தாள். சாலை காலியாக இருந்தது.

போனில் சிக்னல் இல்லை. அரை மணி நேரம் போனது. முக்கால் மணியும் போனது. ஏறிய மலையில் திரும்பவும் இறங்கித் தேடலாம் என்று அவள் சைக்கிளைத் திருப்பியபோது, கீழ் வளைவில் ஒரு கை உயர்ந்து ஆடியது. தில்ஷாத் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எங்கடி போனே? எனக்கு உயிரே போயிடுச்சு!”

“நாற்பத்தேழாவது வளைவுல செயின் அறுந்துடுச்சு.”

“அதைச் சரிபண்ற சாமான் என் பையிலதானே இருக்கு! ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?”

“குடுத்திருந்தா நின்னிருப்பீங்க.”

மரகதம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். இருபத்துமூன்று வளைவுகள். நம்ப முடியவில்லை.

“பொய் சொல்றே. கடைசி வரைக்கும் நீ பின்னாலதான் வந்தே. மூச்சு வாங்கிக்கிட்டே வந்தியே, எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

தில்ஷாத் சைக்கிளைப் பலகையில் சாய்த்து நிறுத்தினாள்.

“அது உங்க மூச்சுக்கா.”