வெட்டாத ஒயர்

மலையடிவாரத்து மடத்தில் நோயாளிகளுக்கென்று ஓர் அறை இருந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டவர்கள் கடைசியில் அங்கே வந்து சேர்வார்கள். கோமளமும் அப்படித்தான் வந்தாள். இருபது வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போன புருஷன், காவி வேட்டியும் கையில் கஞ்சியுமாக அங்கே எதிரே வந்து நிற்பார் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

அவர் பெயர் திருவேங்கடம். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார், இப்போது மடத்தில் சீடர். குரு தாயம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனாலென்ன, அந்த அம்மாள் முன்னால் அவர் கைகட்டித்தான் நிற்பார்.

கோமளம் வந்த அன்றே அவரிடம் ஒன்று கேட்டாள்.

"பிள்ளைக்கு மருந்து வாங்கிட்டு வரேன்னுதானே போனீங்க?"

அன்றைக்கு அவர்கள் மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. மருந்துச் சீட்டோடு கிளம்பியவர் பஸ் ஏறிவிட்டார். பிள்ளை பிழைக்கவில்லை என்பதே அவருக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும்.

கோமளத்தின் கேள்விக்குத் திருவேங்கடம் பதில் சொல்லாமல் இல்லை. நிறையவே சொன்னார். உடம்பு நிலையில்லாதது என்றார். பந்தம் என்றார், தேடல் என்றார், வினை என்றார். தினமும் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் சொன்னார். வாத்தியார் வேலையை விட்டவர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவர் ஆரம்பித்ததும் கோமளம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அவளுக்கு இன்றோ நாளையோ என்றிருந்தது. கண் மூடுவதற்குள் மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று அவருக்குத் தவிப்பு. சோறு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் குருவிடம் போய் நின்றார்.

"கைக்கெட்டுற தூரத்துல உட்கார்ந்து பேசறேன் அம்மா. ஒண்ணுமே அவளுக்குப் போய்ச் சேரலை. ஏன்?"

தாயம்மாள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ரூம்ல பல்பு நீங்க போட்டதுதானே?"

"ஆமாம்மா."

"ஏன் அப்படி அழுது வடியுது?"

தன் துக்கத்தைச் சொல்ல வந்தால் பல்பைப் பற்றிக் கேட்கிறாரே என்று அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"தெரியலை. பேட்டரியும் புதுசு, பல்பும் புதுசு."

"வாங்க, பார்க்கலாம்."

சோலார் பேட்டரி இருந்தது அடுத்த அறையில். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஒயர்ச் சுருள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. சுருளின் ஒரு முனை பேட்டரியில். மறுமுனை சுவர் ஓட்டை வழியாகக் கோமளத்தின் அறைப் பல்புக்குப் போயிற்று.

"பேட்டரிக்கும் பல்புக்கும் எவ்வளவு தூரம்?"

"நடுவுல இந்தச் சுவர் ஒண்ணுதான் அம்மா."

"ஒயர் எவ்வளவு நீளம்?"

திருவேங்கடம் சுருளைப் பார்த்தார். அவிழ்த்தால் மடத்துக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடும்.

"பிள்ளைங்களுக்கு என்ன பாடம் நடத்தினீங்க?"

"கம்பியோட நீளம் கூடக் கூட மின்தடை கூடும்." சொல்லும்போதே குரல் உள்ளே போயிற்று.

"சுருட்டி வச்சா?"

"சுருட்டினாலும் நீளம் நீளம்தான். கரண்ட் அத்தனையையும் சுத்தித்தான் போகணும்."

"தெரிஞ்சுமா வெட்டலை?"

"புது ஒயர். வெட்ட மனசு வரலை. பின்னால எதுக்காவது ஆகும்னு..."

"எதுக்கு?"

தாயம்மாள் குனிந்து சுருளைத் தொட்டுப் பார்த்தார். லேசாகச் சூடாக இருந்தது. "அங்க போக வேண்டியது இங்கேயே செலவாகுது" என்று சொல்லி, கட்டிங் பிளேயரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அரிசிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

திருவேங்கடம் இணைப்பைக் கழற்றி, சுவரைத் தாண்டத் தேவையான அளவை மட்டும் வெட்டி, மறுபடி முடுக்கினார். சுவர் ஓட்டை வழியே வெளிச்சம் பளீரென்று இந்தப் பக்கம் வந்து விழுந்தது.

அவர் உள்ளே போனார். மங்கலில் இத்தனை நாள் தெரியாததெல்லாம் தெரிந்தது. கோமளத்தின் கன்னம் இவ்வளவு ஒட்டிப்போயிருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே சொன்னார்.

"கோமளம், நான் கடவுளைத் தேடியெல்லாம் போகலை. மருந்துக்கடை வாசல் வரைக்கும் போனேன். பிள்ளை பிழைக்காதுன்னு தோணிச்சு. கூட இருந்து பார்க்கத் தைரியமில்லை. ஓடிட்டேன்."

கோமளம் திரும்பினாள். மடத்துக்கு வந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு கையை மெல்லத் தூக்கிக் கண்மேல் வைத்துக்கொண்டாள்.

"கண்ணு கூசுது. விளக்கை அணைச்சிடுங்க."

திருவேங்கடம் குருவிடம் வந்தார்.

"சொல்லிட்டேம்மா. இருந்தது இருந்தபடியே சொல்லிட்டேன்."

"போய்ச் சேர்ந்துதா?"

"சேர்ந்துது. ஆனா மன்னிச்சேன்னு சொல்லலை. விளக்கை அணைக்கச் சொல்லிட்டா."

"அணைச்சீங்களா?"

"அணைச்சிட்டேன். அந்த இருட்டுல அவ மூச்சு இழுக்கறது மட்டும் கேட்டுது. என்னால தாங்க முடியலை. வெளிய வந்துட்டேன்."

முறத்தில் ஓடிக்கொண்டிருந்த தாயம்மாளின் விரல்கள் நின்றன. அவர் நிமிர்ந்து திருவேங்கடத்தைப் பார்த்தார்.

"மறுபடியுமா?" என்றார்.